யாம் சவுண்ட்பார் வாங்கிய வரலாறு

மக்கட்கு வாய்த்த ஐம்பொறிகளுள் கண்ணுக்கே உலகம் முதலிடம் தந்து பேசுகின்றது. கண் சற்று மங்கின் அன்றே கண்ணாடிக் கடையை நாடுகின்றோம். செவி மங்கினாலோ ஆண்டுகள் பல கழிந்தும் அதனை வெளியிட நாணுகின்றோம். பார்வை குன்றினாரைக் கண்டு இரங்கும் உலகம், காது மந்தமானாரைக் கண்டு நகைக்கின்றது. நம் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் காது கேளாத முதியவர் நகைச்சுவைக்கே பாத்திரமாக்கப்படுதல் யாவரும் அறிந்ததே. கேள்வியின் பெருமையை விளக்கத் திருவள்ளுவர் 42ஆம் அதிகாரத்தை முழுதும் ஒதுக்கினார். அவர் வழிவந்த நாமோ, வீட்டின் நடுவே வீற்றிருக்கும் கருவிக்குத் ‘தொலைக்காட்சி’ என்று பெயரிட்டுக் காட்சியை மட்டும் கூறிக் கேள்வியை விட்டுவிட்டோம். பெயரில் விட்டதை வாங்கும்போதும் விட்டுவிடுகின்றோம். கடைக்குச் செல்வோர் எத்தனை அங்குலம் என்று வினவுவர். வண்ணம் எத்துணைத் தெளிவு என்று வினவுவர். இக்கருவியின் ஒலி எங்கிருந்து எழுந்து எங்கே செல்கின்றது என்று வினவுவார் மிகச் சிலரே.

அவ்வினாவை யாம் வினவ நேர்ந்த காரணத்தையும், அதற்கு விடை தேடிச் சவுண்ட்பார் என்னும் ஒலிப்பட்டை ஒன்றை வாங்கி வீட்டில் அமைத்த வகையையும் ஈண்டு எழுதத் துணிந்தோம். ‘தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்கு மின்கருவிக் கடையில் என்ன வேலை?’ என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அந்நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. கடையில் எமக்குத் துணைசெய்தது இயற்பியற் பாடத்தைக் காட்டினும் எழுத்ததிகாரமே என்பதை அவர்கள் முடிவிற் காண்பார்கள்.

எம் தாயைப் பெற்ற பாட்டியார்க்கு இப்போது அகவை 78. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் ஊர்க் கோவிலின் பாடகர் குழுவில் நெடுங்காலம் ஆல்ட்டோ பாடியவர். எவரேனும் சுருதி விலகின் திரும்பிப் பாராமலே பெயர் சொல்லித் திருத்தும் செவி அவருடையது. மாலை ஜெபம் முடிந்தபின் எங்கள் வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து செய்தி கேட்பதும், அதன்பின் நகைச்சுவைக் காட்சி ஏதேனும் காண்பதும் வழக்கம். அவ்வேளையில் பாட்டியாரின் மரநாற்காலிக்கு நடுவிடம் உண்டு.

பழைய கருவி பழுதாக, 43 அங்குலப் புதுக்கருவி ஒன்று வீட்டிற்கு வந்தது. படம் பளிங்கு போல் விளங்கிற்று. ஆனால் பாட்டியார், “என்ன சொன்னான்?” என்று வினவத் தொடங்கினார். முதலில் நாளொன்றுக்கு இரண்டு முறை. பின்னர்ச் செய்தி ஒவ்வொன்றுக்கும். ஒலியைக் கூட்டினோம், இசை இடியென முழங்கிற்றேயன்றிச் சொல் தெளியவில்லை. அடுத்த வீட்டார் சன்னலைச் சாத்திக்கொண்டனர். ஒரு நாள், நாளை சந்தை மூடப்படும் என்று செய்தி வாசிப்பவர் கூற, பாட்டியார், “நாளைக்குச் சண்டை மூளுமாமே, யாருக்கும் யாருக்கும்?” என்று கவலையோடு கேட்டார். யாம் எல்லோரும் நகைத்தோம். அவரும் உடன் நகைத்தார். அதன்பின் அவர் வினவுவதை நிறுத்திவிட்டார்.

வினவாதது தெளிவாகக் கேட்டதனால் அன்று. சில நாட்கள் கூர்ந்து நோக்கியபோது ஒன்று புலனாயிற்று: நகைச்சுவைக் காட்சியில் யாம் சிரித்து ஒரு கணம் கழித்தே பாட்டியார் சிரித்தார். எந்தச் சொல்லுக்குச் சிரித்தீர்கள் என்று தனிமையிற் கேட்டோம். “நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா, ஐயா?” என்றார். சில கிழமைகள் சென்றபின் அச்சிரிப்பும் நின்றது. ஏழரை மணிக்கே உறக்கம் வருகின்றதென்று சொல்லித் தம் அறைக்குச் செல்லலாயினார். அறையில் விளக்கு மட்டும் பத்து மணிவரை எரிந்துகொண்டிருந்தது. நடுவிடத்து நாற்காலி வெறிதாயிற்று.

தந்தையார் அவரைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். யாமும் உடன் சென்றோம். சோதனையின் முடிவு ஒரு கோட்டுப்படமாக வந்தது. தாழ்ந்த சுருதிகளில் கோடு ஏறத்தாழச் சமமாகச் சென்று, சுருதி உயர உயர மலைச்சரிவு போல் இறங்கிற்று. உட்செவியில் நத்தையோடு போல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதி உயர்ந்த சுருதிகளையும் நுனிப்பகுதி தாழ்ந்த சுருதிகளையும் உணரும். அக்குழலில் ஒலியலை செல்லும் வகையை ஆராய்ந்த கியோர்கு ஃபான் பேகேசி என்பார்க்கு 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் தேய்வது பெரும்பாலும் அடிப்பகுதியின் நுண்மயிர் உயிரணுக்கள். மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இவற்றை விளக்கிய மருத்துவர், காதிற்குப் பொருத்தும் கேள்கருவி நற்பயன் தரும் என்றார். பாட்டியாரோ, “கண்ணாடிக்குப் பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அதெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று எழுந்துவிட்டார். தொலைக்காட்சியின் பேச்சையாவது தெளிவாக்க வழியுண்டா என்று யாம் கேட்டபோது, உண்டு, முயலுங்கள் என்று மருத்துவர் கூறியதே எம் முயற்சிக்கு வித்து.

வீடு திரும்பும் வழியில் அக்கோட்டுப்படத்தை நோக்கியவாறே யாம் கற்ற இலக்கணத்தை எண்ணினோம். தமிழ் எழுத்துகளை முன்னோர் உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். குற்றுயிருக்கு ஒரு மாத்திரை, நெட்டுயிருக்கு இரண்டு, மெய்க்கோ அரை மாத்திரை. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் கூறத் தொல்காப்பியம் பிறப்பியல் என ஓர் இயலே உடையது. இக்காலத்து ஒலிநூலாரும் இப்பகுப்பிற்கு இசையவே பேசுகின்றனர். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் நொடிக்கு 1000 அதிர்வுக்கு உட்பட்ட தாழ்ந்த பகுதியில் நிறைந்துள்ளது; பேச்சின் உரத்தைத் தருவன அவையே. வல்லின மெய்கள் வெடித்தெழும் ஓசையும், சகரம் உரசியெழும் ஓசையும் மெலிந்தவை, குறுகியவை, சுருதி உயர்ந்தவை. உரசொலியின் வலிமை 4000 அதிர்வுக்கும் மேலே உள்ளது. பாட்டியாரின் செவி உயிரைக் கேட்கின்றது, மெய்யைக் கேட்கவில்லை. ஆதலின், ‘ஒலி கேட்கின்றது, சொல் புரியவில்லை’ என்று அவர் கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மை. பட்டு, பத்து, பற்று என்னும் மூன்றிலும் உயிர் ஒன்றே. இடைநின்ற மெய்யே பொருளை வேறுபடுத்துகின்றது. அந்த அரை மாத்திரை நழுவுமாயின் பட்டும் ஒன்றே, பத்தும் ஒன்றே; சந்தையும் சண்டையும் ஒன்றே.

செவியின் தளர்ச்சி ஒருபுறமாக, கருவியின் குறையும் மறுபுறம் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய பின்னர் நம் வீடுகளுக்கு வந்த பழைய பெட்டிகளைப் பெரியோர் மறந்திரார். ஆழமான மரப்பெட்டி, திரையின் பக்கத்திலே நம்மை நோக்கியவாறு ஒலிபெருக்கி. இன்றைய கருவியோ சுவரோடு சுவராக ஒட்டும் தட்டை. ஒலிபெருக்கி காற்றை அசைத்தே ஒலி எழுப்புவது. அசைக்க அதற்குப் பரப்பும் வேண்டும், பின்னே வெளியும் வேண்டும். தட்டைக் கருவியில் இரண்டுக்கும் இடமில்லை. எனவே சிறிய ஒலிபெருக்கிகளைக் கீழ்விளிம்பிலோ பின்புறத்திலோ அமைக்கின்றனர். பேசுவோர் முகம் நம்மை நோக்க, அவர் குரல் மேசையையோ சுவரையோ நோக்கிச் செல்கின்றது. மோதித் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து குழம்புகின்றது. நேரே செல்வதில் மிக விருப்பமுடையவை உயர்ந்த சுருதிகளே ஆதலின், வழியில் முதலிற் கெடுவனவும் அவையே. முன்னமே மெலிந்த மெய்யொலிக்கு இது இரண்டாம் இடர்.

இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே ஒலிப்பட்டை. திரையின் கீழே கிடக்கும் நீண்ட பெட்டி அது. உள்ளே பல ஒலிபெருக்கிகள் நம்மை நோக்கி நிற்கும். இதன் வகைகளைக் கடைக்காரர் எண்களாற் கூறுவர். 2.0 எனின் இடமும் வலமும் மட்டும், 2.1 எனின் அவற்றோடு தாழ்ந்த ஒலிக்குரிய சப்-ஊஃபர் என்னும் பெட்டி ஒன்று, 3.1 எனின் நடுவே மூன்றாவது வழி ஒன்று, 5.1 எனின் பின்புறம் இரண்டு மிகுதி, 5.1.2 என மூன்றாவது எண் வரின் மேலிருந்து வருவது போன்ற ஒலிக்கு இரண்டு. எமக்கு இவற்றுள் உயிர்நிலையாகத் தோன்றியது நடுவழியே. திரைப்படங்களை 5.1 முறையில் அமைப்போர் உரையாடலைப் பெரும்பாலும் நடுவழியிலேயே வைக்கின்றனர். இசையும் ஆரவாரமும் பக்கங்களுக்குச் செல்கின்றன. இரண்டே ஒலிபெருக்கி உள்ள கருவியில் இவை அனைத்தும் ஒரே வாயில் வழியே நெருக்கிக்கொண்டு வெளிப்படும். நடுவழி தனியே இருப்பின் பேச்சை மட்டும் உயர்த்தி ஏனையவற்றைத் தாழ்த்தலாம். செய்தி போன்றவை இருவழி ஒலியாகவே வருவன. அவற்றிலிருந்து குரலைப் பிரித்து நடுவே சேர்க்கும் பேச்சு அமைப்பும் பட்டையில் உளதா என்று பார்த்தல் வேண்டும்.

மூத்த தமக்கையார் தம் ஊதியத்திலிருந்து எடுத்துவைத்த தொகை 15,000 ரூபாய். அதனோடு கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் எம்மை அன்போடு வரவேற்றுப் போர்க்காட்சி ஒன்றை ஓட்டினார். தரை அதிர்ந்தது, கண்ணாடிக் கதவு நடுங்கிற்று. “தம்பி, 400 வாட்ஸ்!” என்றார். வாட்டுக் கணக்கில் மயங்குதல் எளிது. மின்னாற்றலை இரட்டித்தால் ஒலியளவு 3 டெசிபலே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றப் பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். டெசிபல் என்னும் இவ்வளவை அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் பெயரால் வழங்குவது. அவருடைய அன்னையார் செவிப்புலன் மிகக் குன்றியவர். மனைவியார் மேபல் இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். 1876இல் அவர் உரிமை பெற்ற தொலைபேசி, பிற்காலத்தில் நொடிக்கு 300 முதல் 3400 அதிர்வு வரையுள்ள பகுதியை மட்டும் கடத்தியே உலகத்தின் பேச்சையெல்லாம் சுமந்தது. தரையை அதிர்விக்கும் தாழ்ந்த ஒலி ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் மக்கள் ஒருவர் சொல்லை ஒருவர் உணர்ந்தனர். எனவே எமக்கு வேண்டுவது இடியன்று, சொல் என்று விற்பனையாளரிடம் பணிவோடு கூறினோம்.

சொல்லை அளப்பது எங்ஙனம்? அதற்கும் பாட்டியாரே வழிகாட்டினார். அவர் பள்ளியிற் பல்லாயிரம் முறை நடத்திய ‘சொல்வதெழுதுதல்’ இருக்க வேறு கருவி எதற்கு? பட்டு, பத்து, பற்று, சந்தை, சண்டை, சட்டை என மெய்யால் மட்டும் வேறுபடும் சொற்கள் 20 தேர்ந்தோம். தமக்கையார் அவற்றைச் சீரான குரலிற் படித்துக் கைபேசியிற் பதிவு செய்தார். முதலில் வீட்டிலே, அதனைத் தொலைக்காட்சியின் வழியே ஒலிக்கச் செய்து எழுதச் சொன்னோம். பாட்டியார் குறிப்பேடு ஒன்றில் எழுதி, சொற்பட்டியலை வாங்கித் தாமே சிவப்பு மையால் திருத்தி, 9/20 என்று மதிப்பெண் இட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். சிறிது நேரம் அதனையே நோக்கியிருந்தார். “இந்தப் பிள்ளை தேறவில்லையே” என்றார். அவர் குரலில் விளையாட்டும் இருந்தது. விளையாட்டல்லாத ஒன்றும் இருந்தது.

கடைக்கு அவரையும் அழைத்துச் சென்றதன் பயன் அப்போது விளங்கிற்று. விற்பனையாளர் நாற்காலி ஒன்று இட்டுத் தந்தார். பாட்டியார் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்தார். ஒலியளவை ஒரே நிலையில் வைத்து, சொற்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றி ஒலிப்பித்தோம். தரையை அதிர்வித்த 400 வாட்டுக் கருவியில் அவர் பெற்றது 11. நடுவழியும் பேச்சு அமைப்பும் உடைய, ஆற்றலில் அதற்குப் பாதியும் இல்லாத 3.1 பட்டையில் பெற்றது 15. விற்பனையாளரும் வியந்து அக்குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். விலை தமக்கையாரின் தொகைக்குச் சற்று உள்ளடங்கியே நின்றது. அதனையே வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. பெயர் மாறும், அளக்கும் முறை மாறாது.

இனி இணைத்த வகை. தொலைக்காட்சியின் பின்புறத்து எச்.டி.எம்.ஐ துளைகள் பலவற்றுள் ஒன்றன் அருகே மட்டும் ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும். 2009இல் வகுத்த எச்.டி.எம்.ஐ 1.4 விதிகளோடு வந்த வசதி இது. 2017இல் வந்த 2.1 விதிகளில் இதுவே இ.ஏ.ஆர்.சி என விரிவடைந்தது. படம் உள்ளே வரும் வழியாலேயே ஒலி வெளியே திரும்புதல் இதன் இயல்பு. இத்துளையையும் பட்டையில் அவ்வாறே பெயர் பெற்ற துளையையும் ஒரு வடத்தால் இணைத்தோம். தொலைக்காட்சியின் அமைப்புகளுட் சென்று சி.இ.சி என்பதை இயக்கி, ஒலி வெளிப்படும் இடத்தை உள்ளிருப்பதிலிருந்து வெளிக்கருவிக்கு மாற்றினோம். இம்மாற்றம் இன்றியமையாதது, இரண்டும் ஒருங்கே ஒலித்தால் எதிரொலி போலக் கேட்கும். பழைய தொலைக்காட்சிகளில் ஏ.ஆர்.சி இல்லையேல், 1983இல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்த ஆப்டிகல் வடம் உதவும். அது ஒலியை மட்டுமே கடத்தும். தொலைக்காட்சியின் ரிமோட்டால் பட்டையை ஆளும் கட்டளையைக் கடத்தாது. ஒரே ரிமோட்டில் யாவும் அடங்குதல் முதியோர்க்குப் பெருநன்மை ஆதலின் எமக்கு ஏ.ஆர்.சியே ஏற்றதாயிற்று. புளூடூத்தை விலக்கினோம். அதன் வழியே ஒலி சிறிது பிந்தி வரும். பாட்டியாரோ செவியாற் பாதியும் பேசுவோர் இதழாற் பாதியும் கேட்பவர். இதழும் குரலும் பிரிந்தால் அவருக்கு இரண்டும் பயனிலவாம்.

அமைக்கும் இடத்திற்கும் இலக்கணம் உண்டு. பட்டையை மேசையின் முன்விளிம்பில் வைத்தோம். உள்ளே தள்ளி வைப்பின் மேசைப்பரப்பில் ஒலி தெறிக்கும். அலமாரியின் அறைக்குள் அடைத்தல் கூடாது. ரிமோட்டின் கதிர் விழும் கண்ணை மறைத்தலும் கூடாது. சப்-ஊஃபரைச் சுவரின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும். தாழ்ந்த சுருதியின் பேரொலி உயர்ந்த சுருதியின் சிற்றொலியை மறைக்கும் இயல்புடையது; மூலையிலிருந்து அதனை அகற்றி அளவையும் குறைத்தபோது சொற்கள் மேலெழுந்தன. ‘நைட்’ என்னும் அமைப்பையும் இயக்கினோம். அது உரத்ததைத் தாழ்த்தி மெலிந்ததை உயர்த்தும். அடுத்த வீட்டார் சன்னல் மீண்டும் திறந்தது.

எஞ்சியது அறை. எங்கள் வீடு மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் உடையது. கைதட்டினால் ஓசை சிறிது நின்று மறையும். 1895ஆம் ஆண்டளவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் காட்சிக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. அங்கே எழுந்த ஓசை அடங்க ஐந்து நொடிக்கு மேலாயிற்று. ஒரு சொல் மறையுமுன் பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. வாலஸ் சபைன் என்னும் இளம் பேராசிரியர் இரவு நேரங்களில் அண்மை அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அம்மண்டபத்திற் பரப்பி, மெத்தை மிக மிக ஓசை விரைவில் அடங்குவதை அளந்து கணக்கிட்டார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசைமண்டபம் அவர் கணக்கின்படி அமைந்தது. பழங்கோவில்கள் சிலவற்றில் பிரசங்க பீடத்திற்கு மேலே மரக்கூரை ஒன்று தொங்குவதும் குரல் மேலே சென்று சிதறாமல் மக்களை நோக்கித் திரும்புவதற்கே. சபைனுக்கு மெத்தைகள் உதவியது போல எமக்குத் திருமணத்திற்கு விரிக்கும் பழைய ஜமக்காளம் உதவிற்று. அதனைப் பட்டைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே விரித்தோம். சன்னலுக்குத் தடித்த திரை இட்டோம். இவற்றிற்கு ஒரு காசும் செலவில்லை.

யாவும் அமைந்தபின் மீண்டும் சொல்வதெழுதுதல் நடந்தது. சிவப்பு மை 16/20 என்று எழுதிற்று. அன்று மாலை செய்தி முடிந்து நகைச்சுவைக் காட்சி வந்தது. ஓரிடத்தில் பாட்டியார் வாய்விட்டுச் சிரித்தார். யாம் சிரிக்குமுன் சிரித்தார். அந்தச் சொல்லை அன்று எம்முள் கேளாமல் விட்டவர் எம் தந்தையாரே; “என்ன சொன்னான்?” என்று அவர் வினவ, பாட்டியார் விளக்கினார்.

ஆயினும் தவறிய நான்கு சொற்களை அவர் விடவில்லை. மறுநாட் காலை அக்குறிப்பேட்டைப் புரட்டி, நான்கிலும் சகரமோ தகரமோ இருத்தலைச் சுட்டி, “பெட்டி செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. மிச்சம் என் காதில் இருக்கிறது. அந்த மிஷினைப் போட்டுத்தான் பார்ப்போமே” என்றார். மருத்துவர் கூறியபோதும் யாம் வேண்டியபோதும் இசையாதவர், தம் கையால் இட்ட மதிப்பெண்ணுக்கு இசைந்தார். தம் செவி எதனை இழந்தது, எதனை இழக்கவில்லை என்பது தெளிவானபின் அவருக்கு நாணம் இல்லாமற்போயிற்று. இப்போது கேள்கருவி அணிந்து பழகி வருகின்றார்.

கல்லூரித் தோழர்காள்! விடுமுறைக்கு வீடு செல்வோர் இதனை நினைவிற் கொள்க. வீட்டில் முதியவர் ஒருவர் ஒலியைக் கூட்டச் சொன்னால், அவர் கேட்பது பேரொலியன்று, தெளிந்த சொல் என்று அறிக. பொருள் உடையோர் நடுவழி உள்ள பட்டையைத் தேர்க. வாட்டின் எண்ணை நம்பற்க. வாங்குமுன் போர்க்காட்சியை விடுத்துச் செய்தி வாசிப்பைக் கேட்க. யாருக்காக வாங்குகின்றீரோ அவரையே உடன் அழைத்துச் செல்க. பொருள் இல்லாதோர் தொலைக்காட்சியின் ஒலியமைப்பிற் பேச்சுக்குரியதைத் தேர்ந்து, தாழ்ந்த ஒலியைக் குறைத்து, தரையில் ஒரு ஜமக்காளம் விரிப்பினும் சிறிது பயன் உண்டு. எதுவும் செவிச் சோதனைக்கு ஈடாகாது. அதனைத் தள்ளிப்போடவும் வேண்டா.

இவையெல்லாம் கருவியின் காரியம். கருவி செய்யமாட்டாத ஒன்றும் உண்டு. ஒருவர் “என்ன சொன்னான்?” என்று வினவுங்கால், “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று விடையிறுத்தல் நம்மிற் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அச்சொல்லால் அவரை நாம் அவையினின்றும் வெளியே அனுப்பிவிடுகின்றோம். கேட்ட செய்தியைத் திரும்பச் சொல்ல ஆகும் காலம் சில மாத்திரைகளே. வினவுவோர் வினவிக்கொண்டே இருக்கும்வரை அவர் நம்மோடு அமர்ந்திருக்கின்றார். வினவுதல் நின்றபின் அவரைத் திரும்ப அழைத்துவருவது பெரும்பாடு.